நவத்வீபத்திலிருந்து வந்த பதில்

தாரோகா பாபு, போலீஸ் வாக்குமூலத்தை எழுதுமுன் அந்த மாம்பழத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஜ்யேஷ்ட மாதம் வந்துவிட்டால் இந்த ஊரில் எல்லோருக்கும் முழங்கை வரை சாறு வழிகிறது. பார்த்தாலே எனக்குக் குமட்டும். நான் சுத்தம் பார்க்கிறவன். மற்றபடி, கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

பத்மா நதிக் கரையில் வெள்ளைக்காரர்கள் கட்டிய எங்கள் பல்கலைக்கழகத்தில் நான் உதவிப் பதிவாளன். கட்டடம் கொடுத்தார்கள், அதை நடத்த நிரந்தர வருமானம் கொடுக்கவில்லை. வருஷா வருஷம் கவர்னர் லாட் சாகேப் வாசலில் போய் நிற்க வேண்டும். இந்த வருஷம் ரசாயனத் துறையை மூடச் சொல்லிவிட்டார்கள். அறக்கட்டளை வைக்கச் சொல்லி வீடு வீடாக ஏறினேன். ஒரு சணல் வியாபாரி வெற்றிலை எச்சிலை என் காலருகே துப்பிவிட்டு, "ஹாலுக்கு எங்க செத்துப்போன குதிரை பேரை வைப்பீங்களா, கோஷால் மோஷாய்?" என்று சிரித்தான். வேட்டியில் தெறித்த அந்தச் சிவப்பு இன்னும் போகவில்லை.

மிச்சம் இருந்தது நிஸ்தாரிணி தேவியின் ஜமீன். கணவர் எழுதிய உயில் தெளிவானது. விதவை விரும்பினால் தத்தெடுக்கலாம். தத்தெடுக்காமலே அவள் காலம் முடிந்தால், நிலம் முழுவதும் பல்கலைக்கழகத்துக்கு. பத்து வருஷம் சும்மா இருந்தவள், திடீரென்று தங்கையின் கைக்குழந்தையைத் தத்தெடுக்க வியாழக்கிழமை நாள் குறித்தாள். வயது முப்பத்தாறு. ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கண்டது.

நம் வீட்டு விதவைகள் ஏகாதசியன்று பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் பட விடமாட்டார்கள், உங்களுக்குத் தெரியாததா? பழைய பஞ்சாங்கப்படி செவ்வாய் ஏகாதசி. அன்று மாலை எஜமானியம்மாவைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். உதடு வெடித்து, ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. அறையில் வாடை. துண்டால் மூக்கை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். திருத்திய புதுப் பஞ்சாங்கத்தை விரித்தேன்.

"கர்த்தாமா, இதுல ஏகாதசி நாளைக்குன்னு போட்டிருக்கு."

"ரெண்டுல எது நிஜம், கோஷால் பாபு?" குரலே இல்லை.

"நவத்வீபப் பண்டிதருக்கு எழுதியிருக்கேன். பதில் வரலை. ரெண்டு நாளும் இருந்துட்டா, காலமான கர்த்தாவோட ஆத்மாவுக்கு ஒரு குறையும் வராது."

வேலைக்காரி மோக்ஷதா இளநீரோடு வந்து நின்றாள். "ஏகாதசி நாளைக்குன்னா இப்பக் குடிக்கலாம்ல? வந்ததும் வராததுமா நீ ரெண்டு இளநி குடிச்சியே, மகராசா, சாஸ்திரம் உன் தொண்டைக்கு மட்டும் கிடையாதோ?"

நான் கோபப்படவில்லை. "குடிக்கிறதும் விடுறதும் கர்த்தாமா இஷ்டம்" என்றேன். கர்த்தாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

புதன் காலை ஆளனுப்பிக் கேட்டாள், பதில் வந்ததா என்று. இல்லை என்று சொல்லி அனுப்பினேன். உச்சிவேளையில், கழுவிவிட்ட தரையின் ஈரத்தை நக்கினாளாம், மோக்ஷதா சொன்னாள். என்ன அருவருப்பு. மாலையில் முடிந்தது.

என் பெட்டியில் நீங்கள் எடுத்த கடிதம் நவத்வீபத்திலிருந்து வந்ததுதான். பல்கலைக்கழக விடுமுறைப் பட்டியலுக்காக நான் கேட்டு எழுதியிருந்தேன். 'செவ்வாயே ஏகாதசி. புதன் விரதம் தேவையில்லை. உடம்பு முடியாதவர்கள் எந்த ஏகாதசியிலும் தண்ணீரும் பாலும் குடிக்கலாம், தோஷமில்லை.' சனிக்கிழமையே வந்துவிட்டது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது என் சட்டைப்பையில்தான் இருந்தது.

விஷம் கொடுத்தேனா? நான் அவளுக்கு எதையுமே கொடுக்கவில்லை. இனி ரசாயனத் துறை யார் வாசலிலும் நிற்காது. அவள் பெயரிலேயே நடக்கும். கல்வெட்டு வாசகத்தைக்கூட நான்தான் எழுதினேன்.

எழுதியாயிற்றா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஒரு டம்ளர் தண்ணீர் வரவழையுங்கள், மாம்பழக் கை படாமல். காலையிலிருந்து பேசிக்கொண்டிருக்கிறேன். இந்த வெயிலில் ஒரு மனிதன் எவ்வளவு நேரம்தான் தாங்குவான்?