மகளின் பச்சை லுங்கி

ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போகும் படகில் என் எதிர்பெஞ்சில் இடம் இருந்தது. இங்கே பள்ளிப் பெண்கள் சீருடையாகக் கட்டும் பச்சை லுங்கியில் வந்திருந்த ஓர் அக்கா மட்டும் உட்கார மறுத்து நின்றார்.

"கறை பட்டுரும். இது எம்மக ஒம்பதாவதுக்குக் கட்டிட்டுப் போகப்போற லுங்கி."

கூட வந்தவள் உட்கார்ந்தபடி சிரித்தாள். "அப்பறம் நீங்க ஏங்க்கா கட்டிக்கிட்டு வந்தீங்க? எத்தனாவது படிக்கிறீங்க?"

"இந்த மழையில என்னோடது ஒண்ணும் காயல, மா சாந்தி."

"பதினேழு வயசுல ஒம்பதாவதா? சுத்தி எல்லாம் சின்னப் புள்ளைங்க உக்காந்திருக்கும்."

"உக்காரட்டும். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடி வந்தோம். மூணு வருசம் பள்ளிக்கூடமே இல்ல. அது அவ தப்பா?"

"எட்டாவது பாஸான சீட்டு கேப்பாங்களே. சேக்கிறதுக்கு இன்னிக்குத்தான் கடைசி நாளு."

"பள்ளிக்கூடமே எரிஞ்சுபோச்சு, சீட்டுக்கு எங்க போறது? ஒரு கணக்கு குடுங்க, எம்மக போடுவான்னு பெரிய டீச்சர் சயாமாகிட்ட சொல்லுவேன். பேரை எழுதுற வரைக்கும் வாசல விட்டு நகரமாட்டேன்."

என் மடியிலிருந்த மகன் மாம்பழம் அப்பிய கையை அந்தப் பச்சைத் துணிக்கு நீட்டினான். சட்டென்று பிடித்துக்கொண்டேன். இவனை எந்தப் பாலர் பள்ளியில் சேர்ப்பதென்று ஆறு மாதமாக முடிவெடுக்காமல் இருப்பவள் நான்.

கரை நெருங்கியது. மா சாந்தி தன் துண்டைப் பெஞ்சில் விரித்தாள். "இதுமேலயாவது உக்காருங்கக்கா."

"பேரை எழுதட்டும், அங்கயே உக்காந்துக்கிறேன்."

சேறு தெறிக்காமல் லுங்கியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்னால் அவர் இறங்கினார்.