மூன்றாவது ஜாடி

காபிக்கு நன்றி ஐயா. சர்க்கரை மட்டும் கொஞ்சம் தூக்கல். குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். எதைக் குடித்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் இருக்க முடியாது, தொழில் அப்படி. போட்டுக் கொண்டுவந்த காவலர் உங்களைப் பார்க்கிறார், நீங்கள் அவரைப் பார்க்கிறீர்கள். விடுங்கள், அடுத்த தடவை குறைத்துப் போட்டால் போயிற்று.

நீங்கள் கேட்டபடி முதலிலிருந்தே சொல்கிறேன். எங்கள் பீர் ஆலையில் சுவை பார்க்கும் குழுவுக்கு நான் தலைவன். காய்ச்சிய பீர் ஆலையை விட்டு வெளியே போகலாமா கூடாதா என்பதை நான்தான் சொல்ல வேண்டும். அங்கே எனக்குப் பெயரே நாக்கு. ‘நாக்கு வந்தாச்சா’, ‘நாக்கு என்ன சொல்லுது’ என்றுதான் முதலாளி முதல் லாரி ஓட்டுபவர் வரை கேட்பார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை, வேறு பெருமையும் இல்லை. இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான்.

செத்துப்போனவன் என் மச்சினன், மனைவியின் தம்பி. அவனை வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான். சும்மா சொல்லக் கூடாது, பீர் காய்ச்சுவதில் கெட்டிக்காரன். பெல்ஜியம் பாணியில், ஹாப்ஸ் பூ தூக்கலாக, பேல் ஏல் என்கிற வெளிர்நிற பீர் ஒன்றைக் காய்ச்சியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். எளிதான காரியம் இல்லை ஐயா. ஹாப்ஸ் ஒரு பக்கம் கசப்பையும் பழ வாசனையையும் கொண்டுவரும். நொதிக்க வைக்கும் பெல்ஜியம் ஈஸ்ட் தன் பங்குக்கு மிளகையும் கிராம்பையும் இழுத்துக்கொண்டு வரும். ஒரே அடுப்படியில் இரண்டு ஓரகத்திகள் மாதிரி. யார் குரலாவது உயர்ந்தால் வீடு கெட்டது.

அவன் சமாளித்துவிட்டான். நுரை வெள்ளையாக, கிளாஸின் உள்பக்கம் பின்னல் போல ஒட்டி இறங்கும். முகர்ந்தால் முதலில் ஆரஞ்சுத் தோல், பிறகு பைன் மரப் பிசின், அடியில் இடித்த மிளகு. வாயில் வைத்ததும் ரொட்டி ஓரத்தின் இலேசான இனிப்பு. நடுவில் கசப்பு எழுந்து வரும். விழுங்கிய பிறகும் அது அடிநாக்கில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் வாய் வறண்டு இன்னொரு மடக்கு கேட்கும். இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். காய்ச்சும்போதே இப்படித்தான் வரும் என்று அவன் ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லியிருந்தான், அப்படியே வந்தது.

அதற்கு முன் குளிர்காலத்தில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததை என் மனைவி உங்களிடம் சொல்லியிருப்பாள். வந்தது உண்மை. மூக்கு கொஞ்ச நாள் அடைத்திருந்ததும் உண்மை. பிறகு சரியாகிவிட்டது. அவள் அதை நம்பவில்லை. ஒரு நாள் வேண்டுமென்றே உப்பே போடாமல் சமைத்து வைத்திருக்கிறாள். நான் சாப்பிட்டுவிட்டு, இன்றைக்குப் பக்குவமாக இருக்கிறது என்றேன். அவள் அழுதாள். பாராட்டு அவளுக்குப் பழக்கமில்லை, அதனால்தான் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பிறகு காரணத்தைச் சொன்னாள். ஒரு அறைதான் ஐயா, ஒன்றே ஒன்று. இடது காது கேட்கவில்லை என்கிறாள். அதற்கு வேறு காரணமும் இருக்கலாம் என்று டாக்டரே சொன்னார்.

‘சர்க்கரையே போடலீங்க ஐயா’ என்று காவலர் உங்கள் காதோரம் சொன்னது எனக்குக் கேட்டது. கை மறந்து போட்டிருப்பார். நம் பேச்சுக்கு வருவோம்.

எங்கள் ஆலையில் மூன்று கிளாஸ் சோதனை என்று ஒன்று உண்டு. மூன்று கிளாஸ் வைப்பார்கள். இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மட்டும் வேறு. வேறு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த பேல் ஏலை வெளியே அனுப்பும் முன் மச்சினன் இந்தச் சோதனையை வைத்தான். நான், குளிர் அறையைப் பார்த்துக்கொள்ளும் பனி, இன்னும் சிலர் உட்கார்ந்திருந்தோம். பனி என்பது அவருக்குப் பட்டப்பெயர், கோடையிலும் ஸ்வெட்டரோடு திரிவார். கிளாஸ் கழுவும் அக்கா ஊற்றிக் கொடுத்தார்.

மற்றவர்கள் முழித்தார்கள். நான் ஒவ்வொன்றிலும் ஒரு மடக்கு எடுத்தேன். மூன்றாவதுதான் வேறு என்றேன். அதில் ஆரஞ்சுத் தோல் மங்கியிருக்கிறது, கிராம்பு முன்னால் வந்து நிற்கிறது, முடிவில் ஈர அட்டையின் வாடை, பழைய ஹாப்ஸ் போட்டிருக்கிறார்கள் என்று விளக்கமாகவே சொன்னேன். நன்றாகப் பேசினேன் ஐயா. பனி தலையைத் தலையை ஆட்டினார்.

மச்சினன் சிரிக்க ஆரம்பித்தான்.

“மாமா, மூணும் ஒண்ணுதான். ஒரே ஜாடியில இருந்து ஊத்தினது. அக்காவையே கேளுங்க.”

அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு தலையசைத்தார். யாரோ வாயைப் பொத்திக்கொண்டார்கள். பனி பொத்தவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. அங்கிருந்தும் சிரிப்பு வந்தது.

“உங்க இடத்துல நானா இருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்திருப்பேன் மாமா” என்றான். எல்லோரும் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், என் பெயரே நாக்கு அல்லவா. பிறகு என் தோளில் கை போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னான்: “சும்மா வெளையாட்டுக்கு மாமா, மனசுல வெச்சுக்காதீங்க. ஆனா அக்கா சொன்னது நெசம்தான்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க வீட்ல இருங்க. திங்கக்கிழமை முதலாளி கடைசியா ஒரு தடவை குடிச்சுப் பாக்கறாரு, அதோட இனிமே நானே பாத்துக்கறேன்.”

அக்கா என்றது என் மனைவியை. தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவளோடு நான் தனியாகக் கொஞ்ச நேரம் பேச வேண்டும், முடிந்தால் ஏற்பாடு செய்யுங்கள்.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். வரவில்லை. அவமானமாக இருந்தது, நெஞ்சு எரிந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கோபக்காரன் தலைகால் புரியாமல் நடந்துகொள்வான். எனக்கு எல்லாம் புரிந்துதான் நடந்தது. முன்பு ஒருவர் சுவை பார்க்கும் இடத்தில் என்னை எதிர்த்துப் பேசி, கையில் கிளாஸ் உடைந்து இரண்டு விரல் மடங்காமல் போனதே, அப்போதும் நான் கோபப்படவில்லை. கிளாஸ் அவர் கையில் இருந்தது, என் கை அதன் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ஆலையில் யாரும் இருக்க மாட்டார்கள். மச்சினன் மட்டும் வந்து மால்ட், அதாவது முளைகட்டிய பார்லி, ஊறவைக்கும் தொட்டியைச் சுத்தம் செய்வான். நான் போனபோது தொட்டியின் வாய்க்குள் இடுப்புவரை நுழைந்து, அடியில் ஒட்டியதைச் சுரண்டிக்கொண்டிருந்தான். உள்ளேயிருந்து பாட்டு முணுமுணுப்பது கேட்டது. மால்ட் கிளறும் ஸ்டீல் துடுப்பு சுவரில் சாய்ந்திருந்தது. தூக்கிப் பார்த்தேன், நல்ல கனம்.

முதல் அடி இடுப்பில் விழுந்தது. அவன் தலையை வெளியே எடுத்து, “பாத்து மாமா, நான் இங்க இருக்கேன்” என்றான். தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறான். முகத்தில் கோபமே இல்லை. இரண்டாவது அடியில்தான் புரிந்துகொண்டான். அது முழங்காலில். ஓடினால் வேலை கெட்டுவிடும். கைகளை முன்னால் நீட்டினான், அவற்றையும் கவனிக்க வேண்டியதாயிற்று. எலும்பு உடையும் சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தண்ணீர்ப் பம்பு ஓடிக்கொண்டிருந்தது, அதன் சத்தமே அதிகம்.

“அக்காகிட்ட என்ன சொல்லுவீங்க மாமா?” என்று கேட்டான். அழுதுகொண்டுதான் கேட்டான்.

“நீ ஹாப்ஸ் வாங்கப் போயிருக்கேன்னு சொல்றேன்” என்றேன். உண்மையில் அதையேதான் சொன்னேன். அவளும் நம்பி, அவனுக்கு இரவுச் சாப்பாடு எடுத்து வைத்தாள்.

ஐயா, அவன் சொன்ன வார்த்தையை நினைத்துப் பாருங்கள். அவமானப்பட்டால் மூக்கறுபட்டான் என்றும் நாம் சொல்வதுண்டு. அவன் அதைச் சொல்லவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கிட்டுச் செத்திருப்பேன் என்றான். பிடுங்கிக்கொள்வது என்றால் தானே செய்துகொள்வது. அவன் கைகள் அதற்குப் பயன்படும் நிலையில் இல்லை, ஆகவே நான் உதவினேன். குழாய் முடுக்கும் இடுக்கியும் ஹாப்ஸ் மூட்டை அறுக்கும் கத்தியும் பக்கத்திலேயே இருந்தன. பிடுங்கிக்கிட்டு என்பது முன்னால், சாவது பின்னால். அந்த வரிசையை நான் மாற்றவில்லை. கொஞ்சம் நேரமானது. நான் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தனியாக விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை, சொந்த மச்சினன்.

பிறகு தரையைக் கழுவினேன், அது ஆலையில் தினமும் நடப்பதுதான். அவனைப் பழைய காலித் தொட்டியில் இறக்கி மூடியை இறுக்கினேன். நீங்கள் எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை முதலாளி வந்தார். மச்சினன் இல்லாததால் சோதனையை நானே நடத்துவதாகச் சொன்னேன். இந்தத் தடவை முறைப்படி, ஒன்று நிஜமாகவே வேறாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். எங்கள் ஸ்டீல் ஜாடிகளுக்கு மூடி உண்டு, ஹாப்ஸ் தூள் விழாமலிருக்க மூக்கில் சல்லடை உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று ஊற்றுபவருக்குக்கூடத் தெரியாது. ஞாயிறு இரவே மூன்றிலும் அந்த பேல் ஏலையே நிரப்பினேன். ஒன்றில் மட்டும் மச்சினனுடையதைப் போட்டு மூடினேன், இரவு முழுக்க ஊறட்டும் என்று. காலையில் கிளாஸ் கழுவும் அக்காவைக் கூப்பிட்டு, திரைக்குப் பின்னால் ஜாடிகளை இடம் மாற்றி வைத்து, அந்த வரிசையிலேயே கிளாஸ்களில் ஊற்றச் சொன்னேன். எது எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியக் கூடாது. சோதனை என்றால் அதில் நேர்மை வேண்டும்.

எல்லோரும் குடித்தார்கள். முதலாளி கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மூன்றையும் காலி செய்தார். “எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு? அருமையா வந்திருக்கு” என்றார். பனியும் அதையே சொன்னார், உதட்டை நக்கிக்கொண்டு. ஒருவருக்கும் தெரியவில்லை ஐயா. என்னைப் பார்த்துச் சிரித்த வாய்கள் அவை.

நான் நிதானமாகக் குடித்தேன். முதலாவதில் ஆரஞ்சுத் தோல், பிசின், மிளகு. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை வாயில் வைத்ததுமே தெரிந்துவிட்டது. ஹாப்ஸின் கசப்புக்கு அடியில் இரும்பு, பழைய சாவியை நக்கினது போல. ஓரத்தில் உப்பு. கிராம்பு கூட அதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றது. எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா. காய்ச்சலுக்குப் பிறகு அவ்வளவு தெளிவாக எதையும் நான் சுவைத்ததில்லை.

“மூணாவது. திறந்து காட்டுங்க அக்கா” என்றேன்.

அக்கா திரையை விலக்கி மூன்றாவது ஜாடியின் மூடியைத் திறந்தார். சல்லடையை எடுத்தார். பீரை வாளியில் ஊற்றினார். பீர் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதையும் ஊற்றினார், அதிலும் பீர்தான். முதலாவதைக் கவிழ்த்தபோது வாளியில் ஏதோ தொப்பென்று விழுந்தது.

பனி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினார். முதலாளி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.  அக்கா வாளிக்குள் குனிந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “சின்னவரு எங்க தம்பி?” என்று கேட்டார். என் மச்சினனை அவர் சின்னவர் என்றுதான் கூப்பிடுவார்.  நான் ஜாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இவ்வளவுதான் ஐயா. கொலை நான் செய்தது. துடுப்பு, இடுக்கி, கத்தி எல்லாவற்றையும் காட்டுகிறேன். தூக்கில் போட்டாலும் சரி, எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டேன். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் மூன்றாவது கிளாஸில் இரும்பு இருந்தது. என் வாயால் நான் உணர்ந்தது அது. நான் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது, ஊற்றிய பிறகு, ஜாடிகளை யாரோ மாற்றி வைத்திருக்கிறார்கள். அந்த அயோக்கியன் யாரென்று மட்டும் கண்டுபிடியுங்கள் ஐயா, இப்படிப்பட்டவர்களை வெளியே விட்டு வைக்கக் கூடாது.