வாசனை வருதா என்று கேட்டார்

அன்று காலை உங்கள் தம்பி கேப்பைக் கூழில் உப்பு போதவில்லை என்றார், அண்ணி. அது புதிதல்ல. கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு வாசனை சுத்தமாகத் தெரியாது, ருசியும் பாதிதான். பால் திரிந்துவிட்டதா என்று நான்தான் முகர்ந்து சொல்லவேண்டும். "என் மூக்கு உன் மூஞ்சியில இருக்குதுடி, பத்திரமா பாத்துக்கோ" என்பார். உப்பு போட்டேன். இன்னொரு கரண்டி கூழும் ஊற்றினேன்.

அவருடைய முப்பதாம் நாள் பூசை முடிந்து வளவனூருக்குக் கிளம்பும்போது நீங்கள் கேட்டீர்கள்: "அமலா, பின்கதவு ஏன் உள்பக்கம் தாப்பா போட்டிருந்துது?" நான் உங்கள் பையை எடுத்துக்கொண்டு பஸ்வரைக்கும் நடந்தேன். கேள்வி நியாயமானது. அதனால் சொல்கிறேன்.

உங்கள் அப்பாவின் மோட்டார் பைக்கைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே அது கிழடு. அதன் கார்புரேட்டரில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது. பெட்ரோல் அதில் நிறைந்ததும் ஒரு பித்தளை மிதவை மேலே எழுந்து, ஓர் ஊசியைத் தள்ளி வழியை அடைக்கவேண்டும். நம் வண்டியில் சரியாக அடைக்காது. பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும், எஞ்சின் அதில் முழுகி நின்றுவிடும். ஸ்பானரைத் திருப்பிப் பிடித்துக் கிண்ணத்தில் நாலு தட்டு தட்டினால் மறுபடியும் ஓடும். அப்பா இவருக்குச் சொல்லிக்கொடுத்தார். இவர் பிரகாஷுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

கூட்டேரிப்பட்டு தாண்டி, சாலையோரம் குந்தி, என் பிள்ளை அப்படித்தான் தட்டிக்கொண்டிருந்தான். விழுப்புரத்தில் வேலைக்குச் சேரவேண்டிய முதல் நாள். லாரி அவனை மட்டும் இழுத்துக்கொண்டு போனது. வண்டி ஸ்டாண்டு போட்டபடியே நின்றது. அதில் ஒரு கீறல் இல்லை.

லாரி ஓட்டியவர் கண்ணயர்ந்துவிட்டார் என்றார்கள். நான் அவரைக் குறை சொல்லவில்லை. தட்டச் சொல்லிக்கொடுத்தது யார் என்று மட்டும் யோசித்தேன்.

அதன்பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரத்தில் இறங்குவேன். இறங்கிய இடத்திலேயே அடுத்த பஸ் ஏறித் திரும்புவேன். வீட்டில் இருந்தால் அடுப்பு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பேன், கேட்டுவரை நடப்பேன், மறுபடியும் அடுப்பைப் பார்ப்பேன். உங்கள் தம்பியால் உட்கார முடிந்தது. பின்கதவுக்கு வெளியே, வீட்டுச் சுவருக்கும் காம்பவுண்டுக்கும் நடுவில், தகரக் கூரை போட்ட அந்தச் சந்தில், வண்டிக்குப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தார். புது ஊசி வாங்கி மாற்றினார். வழிந்தது. துளைகளை ஊதிச் சுத்தம் செய்தார். வழிந்தது. ஒருநாள் மிதவையைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். பிறகு அடுக்களைக்குக் கொண்டுவந்து, கொதிக்கிற தண்ணீரில் கரண்டியால் என்னை அமுக்கிப் பிடிக்கச் சொன்னார். விளிம்பிலிருந்து குமிழ்கள் வந்தன.

"பாத்தியா, ஓட்டை! உள்ள பெட்ரோலு பூந்துக்கினு கனத்துப் போச்சு. அதான் மெதக்கல. இத்தினி வருசமா அந்த ஊசியப் போயி திட்டிக்கினு இருந்தேன், பாவம்."

"இப்ப தெரிஞ்சுக்கினு இன்னா பண்றது?"

"தெரியாம தூக்கம் வர்ல அமலா."

அன்று தூங்கினார். குறட்டைகூட விட்டார். நான் கேட்டுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு மனிதனுக்கு எத்தனை சின்ன ஓட்டை போதுமானதாக இருக்கிறது என்று நினைத்தேன்.

ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். வண்டி சரியானதும் இரண்டு பேரும் அதிலேயே கூட்டேரிப்பட்டுக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வரலாம் என்றார். பின்சீட்டில் என் இடத்தை ஈரத்துணியால் துடைத்தும் வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தெருப்பக்கத்துக் கேட்டைப் பூட்டியிருந்தோம். கூரை ஒழுகிச் சந்து முழுக்க ஈரம். ஈயத்தின் கனம் கூடிவிட்டதோ என்னவோ, வண்டி மறுபடியும் வழிந்து நின்றுபோயிற்று. அவர் கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டே எழுந்தார். "அந்த டேப்ப மூடிடு, துன்னுட்டு வந்து பாக்கறேன்."

பெட்ரோல் டேப் என் பக்கம் இருந்தது. கையை அதன்மேல் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன்.

அப்புறம்தான் உப்பு போதவில்லை என்று சொன்னார்.

சாப்பிட்டு வந்தவர் பிளக்கைக் கழற்றித் துடைத்தார். ஒயரோடு அதை எஞ்சின்மேல் சாய்த்துவைத்து உதைத்தால் நுனியில் பொறி வருகிறதா என்று பார்க்கலாம். தரையில் எது மழை, எது பெட்ரோல் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் உதைக்கும் முன் எப்போதும் என்னைக் கேட்பார். அது எங்களுக்குள் வழக்கம்.

"டேப்பு மூடினியா?"

"மூடிட்டேங்க."

"வாசன வருதா?"

"மழ வாசனதான் வருது."

"குடுத்து வெச்சவடி நீ" என்றார். சிரித்தார்.

நான் உள்ளே வந்து பின்கதவைத் தாழிட்டேன். தீ வீட்டுக்குள் வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான், அண்ணி. அவர் அதன்பிறகுதான் உதைத்தார்.

கதவைத் தட்டினார். நாலு தட்டு இருக்கும்.

பழைய வண்டி, விபத்து என்று எழுதி முடித்துவிட்டார்கள். அதில் பொய் இல்லை. நான் பெரிதாக எதையும் செய்யவில்லை. ஒரு திருகைத் திருகாமல் விட்டேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன். என் பிள்ளையைச் சாகக்கொடுத்த வண்டியை ஒருவர் துடைத்துத் துடைத்து வைத்தால் எந்தத் தாயும் இதைத்தான் செய்வாள். நீங்களும் ஒரு தாய், உங்களுக்குப் புரியும்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. பிரகாஷ் வேலைக்குக் கிளம்பிய அன்று, "வண்டி பெட்ரோல கக்கிக்கினு இருக்குது, பஸ்ல போவட்டும்" என்று உங்கள் தம்பி சொன்னார். பஸ்ஸில் கூட்டம் நெருக்கும், இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடும் என்று சாவியை எடுத்துப் பிள்ளையின் கையில் கொடுத்தது நான். அவர் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. ஓட்டையைக் கண்டுபிடித்த அன்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரியும் இல்லையா. அது தெரிந்த ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்துகொண்டு, தினமும் அவருக்குக் கூழ் ஊற்றுவது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இப்போது அவர் இல்லை. இருந்தும் என்னால் உட்கார முடியவில்லை.

அந்தச் சந்து முழுக்கச் சோப்புத்தூள் போட்டுப் பலமுறை கழுவியாயிற்று. பக்கத்து வீட்டு ரோஜா வந்து குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வர்லியே அக்கா" என்கிறாள். எனக்கு வருகிறது. என் மூக்கு எப்போதும்போல நன்றாகத்தான் இருக்கிறது.