பென்குயினின் வயிற்றைத் தடவியவன்

பிஸ்கட் நமத்துப் போயிருக்கிறது, டோரீன். குறையாகச் சொல்லவில்லை. டப்பாவைச் சரியாக மூடாதவர் யார் என்று இந்தக் கொட்டகையில் இதுவரை ஒரு விசாரணைகூட வைத்ததில்லையே, அதை நினைத்துக்கொண்டேன். நீங்கள் செயலாளர். நோட்டைத் திறந்து தேதியும் போட்டுவிட்டீர்கள். சொல்கிறேன், நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் ஆல்வின் பாஸ்கோ. வயது எழுபத்து நான்கு. காகித ஆலையில் முப்பத்தொன்பது வருடம் அளவுமானி பழுதுபார்த்தேன். இப்போது செவ்வாயும் வியாழனும் ஓய்வுபெற்றவர்கள் கூடிக் கைவேலை பார்க்கும் இந்த ஆண்கள் கொட்டகையின் ஜன்னலோர மேசையில் லினக்ஸ் பார்க்கிறேன். இந்தத் தீவில் பென்குயின் என்று பெயர் வைத்த ஊரில் குடியிருந்துகொண்டு, பென்குயினைச் சின்னமாக வைத்திருக்கும் லினக்ஸைத் தொடாமல் இருப்பது ஊருக்குச் செய்யும் துரோகம் என்பது என் கட்சி. இந்தக் கட்சியில் என்னோடு சேர்ந்து மொத்தம் இரண்டு பேர். இன்னொருவர் மெர்வின் டக்கெட்.

மெர்வினைப் பற்றி உங்களுக்கே தெரியும். கப்பலில் எஞ்சின் பொறியாளராக இருந்தவர். பழுது ஒன்று பதிவேட்டில் இருக்கும்போது அடுத்த ஆளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கரையேறியதே இல்லை என்று வாரத்துக்கு நாற்பது முறை சொல்வார். நான் எண்ணியிருக்கிறேன், நாற்பத்திரண்டு. அந்த வாசகத்தை நினைவில் வையுங்கள். முழு வழக்கும் அதன்மேல்தான் நிற்கிறது.

மே மாதம் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு நான் ஒரு லேப்டாப் கொடுத்தேன். குப்பைமேட்டுப் பழையசாமான் கடையில் கிடந்தது. துடைத்து, தூசி ஊதி, லினக்ஸ் ஏற்றி, முன்விளிம்பில் ஒரு பென்குயின் ஸ்டிக்கரும் ஒட்டிக் கொடுத்தேன். குண்டுப் பென்குயின், வெள்ளை வயிறு. மெர்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. "யோவ் ஆல்வின், இத நான் சாகுற வரைக்கும் பிய்க்க மாட்டேன்யா" என்றார். அது அவராகவே கொடுத்த வாக்கு. நான் கேட்கவில்லை.

ஜூன் முதல் வாரம் அவருடைய மகள் கெய்லீன் வடக்குக் கோடியில் இருக்கும் கெய்ர்ன்ஸிலிருந்து பேசினாள். தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே முதியோர் குடியிருப்பில் ஒரு வீடு காலியாகிறது, அப்பா வந்துவிடட்டும் என்றாள். குடியிருப்பின் மேலாளர் அவரை இணையத்தில் நேர்முகமாகப் பார்த்து, படிவத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசிவரை காத்திருப்பார்கள். மெர்வின் அன்றைக்கே தன் வீட்டு இணையத்தை வெட்டிவிட்டார். இனி கொட்டகையின் வைஃபை போதும் என்றார். அவசரக்காரர்.

நான் அவர் நன்மையை யோசித்தேன். கெய்ர்ன்ஸில் வெயில் ஆளை அவித்துவிடும். கடலில் கால் நனைத்தால் ஜெல்லி மீன். ஆற்றில் நனைத்தால் முதலை. நனைக்காமல் வீட்டிலேயே இருந்தால் பேரப்பிள்ளைகள் மூன்று பேர். எழுபது வயது மனிதர் இதையெல்லாம் தாங்குவாரா? வாரத்தில் இரண்டு நாள் அவர் என்னைத் தன் யூட் வண்டியில், பின்னால் சரக்குத் தட்டு வைத்ததே அதில், ஏற்றிக்கொண்டு இங்கே வருவார். மீதி ஐந்து நாளும் எனக்கு யாரோடும் பேசவேண்டிய அவசியம் இருப்பதில்லை. ஆகவே யோசிக்க நேரம் கிடைத்தது.

அந்த வாரம் புதிய கெர்னல் வந்தது. நீங்கள் மரவேலைப் பக்கம் என்பதால் சொல்கிறேன். லினக்ஸின் அடிவயிற்றில் இருந்துகொண்டு இரும்பையும் மென்பொருளையும் பேசவைக்கும் நிரல்தான் கெர்னல். மெர்வின் அதை ஏற்றினார், லேப்டாப்பை மறுபடி இயக்கினார். வைஃபை செத்துக் கிடந்தது.

"பாருய்யா இத" என்று பதிவைக் காட்டினார். வைஃபையின் ரேடியோ விசை அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு வரி. மெர்வின் லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி நாலு பக்கமும் பார்த்தார். "விசையே இல்லாத பெட்டிய வச்சுக்கிட்டு விசை அணைஞ்சிருக்குன்னு சொல்லுது. கெர்னல் கூசாம பொய் சொல்லுதுய்யா."

"புதுக் கெர்னல், அப்படித்தான்" என்றேன்.

கெர்னல் பொய் சொல்லவில்லை. பென்குயினின் வயிற்றுக்கு அடியில் ஒரு குட்டி நகர்விசை இருந்தது. கட்டைவிரலால் இடப்பக்கம் தடவினால் வைஃபை உண்டு, வலப்பக்கம் தடவினால் இல்லை. அவர் தேநீர் எடுக்கப் போன நேரத்தில் நான் வலப்பக்கம் தடவியிருந்தேன். என்னைப் போன்றவர்களின் புத்தியை எனக்குத் தெரியும், டோரீன். நாங்கள் மூன்று கோடி வரி நிரலைச் சந்தேகிப்போம். வெளிநாட்டில் இருக்கும் முன்பின் தெரியாத ஆளைச் சந்தேகிப்போம். பென்குயினைச் சந்தேகிக்க மாட்டோம்.

பழைய கெர்னலைப் போட்டுப் பார்த்தோம். அதற்குள் நான் இடப்பக்கம் தடவிவிட்டேன், ஓடியது. "பழசுலயே ஓட்டிக்கிட்டு நேர்முகத்த முடிச்சிருங்களேன்" என்று நீங்கள்கூடச் சொன்னீர்கள். உங்கள் லேப்டாப்பைத் தருவதாகவும் சொன்னீர்கள்.

மெர்வின் நெஞ்சை நிமிர்த்தினார். "அடுத்தவன் பல்செட்ட வாங்கி மாட்டிக்கிட்டா நான் சாப்பிடணும்? பழுத வச்சுக்கிட்டு நான் கரையேறினவன் இல்ல, டோரீன். இத முடிச்சிட்டுத்தான் கெய்ர்ன்ஸ்."

நாற்பத்து மூன்று.

அப்புறம் நாங்கள் பாதிவெட்டு முறையைத் தொடங்கினோம். ஓடிய கெர்னலுக்கும் ஓடாத கெர்னலுக்கும் நடுவில், உலகெங்கும் பலர் எழுதிய பதினாறாயிரம் மாற்றங்கள் இருந்தன. சரிபாதிவரை உள்ள மாற்றங்களைச் சேர்த்து ஒரு கெர்னல் கட்டி ஓட்டிப் பார்க்க வேண்டும். ஓடினால் குற்றவாளி பின்பாதியில் இருக்கிறார், ஓடாவிட்டால் முன்பாதியில். மறுபடி அதில் பாதி. பதினான்கு வெட்டில் ஒரே ஒரு ஆளின் வாசலில் போய் நிற்கும். அருமையான முறை. ஒரே ஒரு நிபந்தனைதான், ஓடியது ஓடவில்லை என்று சொல்லும் சாட்சி யோக்கியனாக இருக்கவேண்டும். அந்தப் பழைய லேப்டாப் ஒரு கெர்னலைக் கட்டி முடிப்பதற்குள் ஒரு கன்றுக்குட்டி பசுவாகிவிடும். ஆகவே மெர்வின் அதை வீட்டில் கட்டிக்கொண்டு வருவார், இங்கே சோதிப்போம். செவ்வாய்க்கு ஒரு வெட்டு, வியாழனுக்கு ஒரு வெட்டு.

ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் நான் எல்லோர் கண்முன்னாலும் பென்குயினின் வயிற்றைத் தடவினேன். அதிர்ஷ்டத்துக்கு என்றேன். மறைத்துச் செய்ததாக எழுதாதீர்கள். மரவேலைக்காரர்கள் கைதட்டினார்கள். "என்னய்யா, இன்னிக்கு உங்க பறவை முட்டை போடுமா?" என்று கடைசல் எந்திரத்திலிருந்து ஒரு குரல் வரும். "கைய எடுங்கய்யா, அதுக்குக் கூச்சமா இருக்கும்" என்று இன்னொன்று. உற்சாகமான நாட்கள் அவை. மெர்வின் அந்தக் குளிர்காலம் முழுக்க இருபது வயது குறைந்து தெரிந்தார். என் கருத்தில் முப்பது.

முதல் சுற்றில் எட்டாவது வெட்டில் கவனமில்லாமல் தடவிவிட்டேன். ஏழு வாரம் வெட்டி வெட்டி, கடைசியில் குற்றவாளி என்று வந்து நின்றது யாரோ ஒருவர் விளக்கக் குறிப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திய மாற்றம்.

மெர்வின் அதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார். "எழுத்துப்பிழையத் திருத்தினா வைஃபை சாகுமாய்யா?"

"நடுவுல எங்கயோ சறுக்கிட்டோம் மெர்வின். முதல்லேருந்து வெட்டுவோம்."

"வெட்டுவோம்" என்றார். அவர் முகத்தில் ஒரு சலிப்பு இல்லை. அந்த வாரம் கெய்லீன் இரண்டு முறை பேசினாள். மூன்றாவது முறை அழுதாளாம். "அப்பா பழுது பாத்துக்கிட்டு இருக்கேம்மா" என்று சொல்லி வைத்துவிட்டதாகச் சொன்னார்.

இரண்டாவது சுற்றில் நான் பொறுப்பாக நடந்துகொண்டேன். பத்து வெட்டு முடிந்தபோது பதினாறு மாற்றங்கள் மிஞ்சின. பதினாறையும் எழுதியவர்களின் பெயர்களை உட்கார்ந்து படித்தேன். அவர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கடமை என் கட்டைவிரலுக்கு வந்திருந்தது, அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வைஃபைப் பக்கம் கைவைத்தவர் ஒருவர்தான் இருந்தார். ஹினேராங்கி, வெலிங்டன்காரி, பள்ளி ஆசிரியை. ஓய்வு நேரத்தில் எழுதியது, கெர்னலுக்கு அவள் கொடுத்த முதல் மாற்றம். முதல் மாற்றம் கொடுப்பவர்கள் எதிர்த்து வாதாட மாட்டார்கள். இது என் அனுபவம். நாலு தடவில் அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

மெர்வின் உலகம் முழுக்கப் படிக்கும் கெர்னல் மின்னஞ்சல் குழுவில் அவள் பேரைப் போட்டு எழுதினார். கண்ணியமாகத்தான் எழுதினார், தேதிவாரியாக, பதினான்கு சோதனை முடிவுகளோடு. சாட்சி ஆல்வின் பாஸ்கோ என்று என் பெயரும் இருந்தது. அவள் உடனே மன்னிப்புக் கேட்டாள். மூன்று வாரத்தில் ஒன்பது முறை கேட்டாள். இதே மாதிரி லேப்டாப் ஒன்றைத் தேடிப் பிடித்து அவளும் சோதித்தாள். "என்னிடம் இருப்பதில் ஓடுகிறது. ஆனாலும் நீங்கள் இவ்வளவு கவனமாகச் சோதித்திருக்கிறீர்கள், தவறு என்னுடையதாகத்தான் இருக்கும்" என்று எழுதினாள். மாற்றத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். தனக்கு இந்த வேலை ஒத்துவராது, பாடம் நடத்துவதே போதும் என்று கடைசியாக ஒரு வரி. அதன் பிறகு அவளிடமிருந்து எதுவும் வரவில்லை. எனக்கு வருத்தம் இல்லையென்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஒரு பென்குயின் ஸ்டிக்கர் அனுப்பிவைத்தேன்.

செப்டம்பர் முடிந்தது. கெய்ர்ன்ஸ் வீடு வேறு யாருக்கோ போனது. அடுத்த செவ்வாய்க்கிழமை அவள் மாற்றம் இல்லாத கெர்னல் வந்து இறங்கியது. இனி தடுப்பதற்கு என்ன இருக்கிறது? இடப்பக்கம் தடவினேன். வைஃபை வந்தது. மெர்வின் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மரவேலைக்காரர்கள் ரம்பத்தை நிறுத்தினார்கள். நீங்களே கேக் வெட்டினீர்கள், அதன்மேல் என் பேரும் இருந்தது.

போன வியாழக்கிழமை மெர்வின் பல் பிடுங்கப் போயிருந்தார். நீங்கள் ஈரத் துணியால் மேசைகளைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். லேப்டாப்பையும் ஓர் இழுப்பு இழுத்தீர்கள். வைஃபை விளக்கு அணைந்தது. மறுபக்கம் இழுத்தீர்கள், எரிந்தது. ஆறு தடவை இழுத்தீர்கள். ஏழாவது தடவை லேப்டாப்பைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தீர்கள்.

"ஆல்வின், இது தெரிஞ்சு செஞ்சதா, தெரியாம செஞ்சதா?"

அன்றைக்குக் கேட்டதற்கு இன்று பதில்: தெரிந்துதான், டோரீன். எழுதிக்கொள்ளுங்கள். இருபத்தெட்டு சோதனை, இருபத்தெட்டும் என் கட்டைவிரல். மெர்வினிடம் சொல்லவேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். என் பொருட்டு அல்ல. இந்த வயதில் அவருக்கு அதிர்ச்சி ஆகாது.

அதோடு அவர்தான் போகிறாரே. கெய்லீன் விடவில்லை, இன்னொரு வீடு பிடித்துவிட்டாள். நேர்முகமும் முடிந்தது. நாளை புதன்கிழமை, யூட் வண்டியோடு கப்பல் ஏற இடம் பதிவாகிவிட்டது. நான் மனதாரச் சம்மதித்தேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய் மூட்டை கட்டிக் கொடுத்தேன். யூட்டை நானே கழுவினேன். ஸ்டியரிங்குக்கு அடியில், பேட்டரியைத் துண்டிக்கும் குமிழ் இருக்கும் இடத்தில், ஒரு சின்னப் பென்குயினும் ஒட்டினேன். வழித்துணைக்கு.

இன்று காலை அவர் நடந்தே வந்ததைக் கவனித்திருப்பீர்கள். வண்டிக்கு உயிர் வரவில்லையாம், ஒரு விளக்குகூட எரியவில்லையாம். வயரிங்கை ஒரு முனையிலிருந்து பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்துவிடலாம், நீ கூட இருந்தால் போதும் என்று வெளியே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார். நாம் இதைச் சீக்கிரம் முடித்துக்கொள்வோமா? பாவம், நான் ஒருவன் இல்லாவிட்டால் அந்த மனிதருக்கு எதுவுமே ஓடாது.