ஒரே விலாசத்தில் ஒரு தோட்டம்

குருவிட்டையில் நான் ஏறிய பஸ்ஸில், என் முன் சீட்டில் ஒரு கம்பஸ் மாணவி ஃபைலை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர்.

"நீங்க எல்லாரும் ஒரே வீட்டுலயா இருக்கீங்கன்னு கேட்டு டவுன் செயலகத்துல மனுவத் திருப்பிட்டாங்க அக்கா," என்றாள் மாணவி.

"ஏன் புள்ள?"

"கையெழுத்துப் போட்ட எல்லாருக்கும் தோட்டத்துப் பேருதானே விலாசம். லயத்துல வரிசையா இருக்குற வீடுகளுக்குத் தனித்தனி விலாசம் குடுங்கன்னுதான் மனுவே."

என் அடையாள அட்டையிலும் தோட்டத்துப் பெயர்தான் இருக்கிறது.

அக்கா சிரித்துவிட்டார். "அதோட விட்டுட்டியா?"

"விடுவேனா? கம்பஸ்ல எங்க குழுவக் கூட்டிக்கிட்டு வந்தேன். சிங்களப் பிள்ளைங்களும் வந்தாங்க. மூணு ஞாயிறு லயம் லயமா நடந்து, ஒவ்வொரு காம்பரா வீட்டுக்கும் நம்பர் போட்டுப் படம் வரைஞ்சோம். இன்னைக்கு அதோட திரும்பக் குடுக்கப் போறேன்."

"ஒனக்குப் பரீட்சை இல்லையா?"

"இருக்கு. பஸ்ல படிக்கிறேன்."

அக்கா அந்த ஃபைலைத் தொட்டுப் பார்த்தார்.

"எங்க பெரியவனுக்கு வந்த இன்டர்வியூ கடுதாசி தோட்டத்து ஆபீஸ்லயே கெடந்துச்சு. கைக்கு வந்தப்ப தேதி முடிஞ்சிருச்சு. இப்ப சின்னவ ஏ.எல். பரீட்சை எழுதியிருக்கா. அவளுக்கும் கடுதாசி வரணும்."

கண்டக்டர் சந்தைச் சந்தி என்று கூப்பிட்டார்.

"அக்கா, நீங்க எறங்கணும்."

"சந்தைக்கு நாளைக்குப் போறேன். ஒன்னோட வர்றேன். பெரியவன் கதைய நானே சொல்றேன்."

"அங்க சிங்களத்துல சொல்லணுமே அக்கா."

"சந்தையில நான் எந்தப் பாஷையில வெல பேசுறேன்னு நெனச்ச?" என்றபடி அவர் டவுனுக்கு டிக்கெட் கேட்டார்.