அப்பா பேரில் ஒரு மூச்சு

— ராத்திரி அந்த மாஸ்க்கை யாரும்மா போட்டிருந்தது?

— யாருடி போடுவா, உங்கப்பாதான். டாக்டர் அவருக்குத்தானே மூச்சு மெஷின் எழுதிக் கொடுத்தார்.

— அப்பா கன்னத்துல ஒரு கோடு கூட இல்ல. உன் கன்னத்துல காது வரைக்கும் பட்டை பதிஞ்சிருக்கு.

— தலையணைத் தையல் அழுத்தியிருக்கும். டீ ஆறுது, குடி.

— அம்மா, லீவு போட்டு வந்திருக்கேன். பொய் கேக்கறதுக்கா?

— சத்தம் போடாதடி. பாத்ரூம்ல இருக்கார், காதுல விழும்.

— அப்ப நீதான்.

— நான்தான். என்ன பண்ணச் சொல்ற? மாட்டின உடனே மூச்சு முட்டுதுன்னு பிடுங்கி எறிஞ்சுட்டார். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற ஆளு, மெஷின் போட்டுத் தூங்கினதுக்குக் கணக்கு காட்டினாதான் பஸ் சாவின்னு கம்பெனி சொல்லிடுச்சு. பஸ்ஸை விட்டா உங்கப்பாவுக்கு வேற என்னடி தெரியும்? வீட்டுல சும்மா ஒரு மூக்கு இருந்துச்சு, மாட்டிக்கிட்டேன்.

— அப்பாவுக்குத் தெரியுமா?

— எங்க தெரியும். அவர் தூங்கினப்புறம் மாட்டுவேன், எழறதுக்கு முன்னாடி கழட்டிடுவேன். மெஷின் ஓடினாலே கணக்கு ஏறிடும்னு நினைச்சுட்டு இருக்கார், பாவம்.

— அந்தக் கணக்கு என் போனுக்கு வருதும்மா. ஆபீஸ் போற வழியில தினம் பார்ப்பேன். பச்சை டிக் விழுந்திருந்தா நிம்மதி. மாசா மாசம் கம்பெனி டாக்டருக்கு அனுப்பறது நான். அதை நம்பித்தானே அவர் வண்டி ஓட்டலாம்னு கையெழுத்துப் போடறார்.

— தெரியும்டி. ‘சபாஷ் அப்பா’ன்னு நீ மெசேஜ் போடுவியே, அதை அவர் எனக்குப் படிச்சுக் காட்டுவார். எனக்கு நெஞ்சு குறுகுறுக்கும். என் மூச்சுக்கு அவருக்குப் பாராட்டு.

— ஷிஃப்ட் பஸ்ஸும்மா அது. வேலை முடிஞ்ச களைப்புல அத்தனை பேரும் அப்பாவை நம்பித் தூங்கிட்டு வர்றாங்க. அவரும் சேர்ந்து தூங்கிட்டா?

— அதை நினைக்காத நாளே இல்ல. அவர் வந்து செருப்பைக் கழட்டற வரைக்கும் வாசலையே பார்த்துட்டு இருப்பேன். இன்னியோட நிறுத்திடணும்னு தோணும். ராத்திரியானா பாவி மறுபடி மாட்டிக்கறேன்.

— நீ மட்டுமா பாவி? மூச்சு நின்னா மெஷின் தானா காத்து அழுத்தத்தை ஏத்தும். நடுவுல அது ஏறிட்டே போச்சு. அப்பாவுக்கு நோய் முத்திடுச்சோன்னு பயந்தேன். பயந்தேனே தவிர, வந்து பார்க்கல. டிக் விழுதே, போதும்னு இருந்துட்டேன். இரு, அழுத்தம் ஏறினது உன் மூச்சுக்கா? அப்ப உனக்கும் நிக்குதா?

— எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். காலையில வர்ற தலைவலி கூட இப்ப இல்ல.

— அந்தத் தலைவலிக்கு டாக்டரைப் பாருன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.

— தலைவலிக்கெல்லாமா டாக்டர்? வேலையைப் பாரு.

— நான் கம்பெனி டாக்டருக்குப் போன் போடறேன்.

— வேணாம்டி. அவர் பொழைப்புல மண்ணள்ளிப் போட்டுடாத.

— என் கையாலதானே அனுப்பினேன். நான்தானே நிறுத்தணும்.

— கதவு திறக்குது, வர்றார். நான் போய் சட்டைக்கு இஸ்திரி போடறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத.

— என்ன பாப்பா, காலங்காத்தால ஹாரன் சத்தம் பலமா இருக்கு?

— அப்பா, இன்னிக்கு நீங்க பஸ் எடுக்க வேணாம். மாஸ்க்கை யார் போட்டுக்கறாங்கன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. டாக்டர்கிட்ட சொல்லப்போறேன்.

— மெதுவா பேசு, அவ காதுல விழும். டாக்டருக்குத் தெரியும். நீ அனுப்பினா பேசாம வாங்கி வெச்சுக்குங்கன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். பஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்து நாளாச்சு பாப்பா.

— என்னப்பா சொல்றீங்க?

— சிக்னல்ல ஒரு நாள் கண்ணு சொருகிடுச்சு. பின்னாடி இருந்த பொண்ணு தோளைத் தட்டி எழுப்புச்சு. மூச்சு முட்டினாலும் சரி, மாட்டியே ஆகணும்னு அன்னிக்கு ராத்திரி எழுந்தேன். பார்த்தா உங்கம்மா மாட்டிக்கிட்டுத் தூங்கறா. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவ அப்படித் தூங்கி நான் பார்த்ததில்ல. குறட்டை இல்ல, திணறல் இல்ல, குழந்தை கணக்கா தூங்கறா. கழட்டக் கை வரல. மறுநாளே சாவியைக் கொடுத்துட்டு, ஷெட்டுல டயருக்குக் காத்து பார்க்கற வேலையை வாங்கிக்கிட்டேன்.

— அதை அம்மாகிட்ட சொல்லக் கூடாதா? தினம் வாசலைப் பார்த்துட்டு செத்துப் பிழைக்கறா.

— பார்த்துட்டுதான் இருக்கேன். அந்தப் பாவம் என்னோடது. ஆனா, தனக்குன்னா ஒரு மாத்திரை போடாதவ பாப்பா அவ. நான் வண்டி ஓட்டலைன்னு தெரிஞ்சா, அன்னிக்கே மாஸ்க்கைக் கழட்டி வெச்சுடுவா.