பாயிண்ட் எந்த டிபார்ட்மெண்ட்?

என்னய்யா பின்னாடி சத்தம்? "சார், பாயிண்டுக்கு வாங்க"வா? வர்றேன். ஒரு மணி நேரமா இந்த அப்பார்ட்மெண்ட் பொதுக்குழுவுல ஆளாளுக்குக் கத்தினீங்க... நான் வாயத் தொறந்தேனா? இப்ப மைக் என் கையில. குட்டியா ஒரு கதை இருக்கு, அதைச் சொல்லாம நான் எறங்கறதா இல்ல. கதையே பாயிண்டைப் பத்தினதுதான். ரயில் பாயிண்ட்!

ஜோலார்பேட்டையில எனக்குத் தெரிஞ்சவங்க ரெண்டு பேர். ஏகாம்பரம், ரயில்வேயில சிக்னல் டிபார்ட்மெண்ட். தணிகாசலம், தண்டவாள டிபார்ட்மெண்ட். ரெண்டு பேரும் ரிட்டையர்டு. தணிகாசலத்தோட தங்கச்சி சுலோச்சனாவைத்தான் ஏகாம்பரம் கட்டியிருக்காரு. அந்தம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் ஆயி, தோட்டத்துல கொய்யா மரத்தடியில நாற்காலி போட்டு உக்கார வச்சிருந்தாங்க. "அண்ணா, நீயும் அவரும் சேந்து ஒரு குட்டி ரயில் விடுங்களேன்... அடுப்படியிலிருந்து என் காபி அதுல வரட்டும்"னு ஆசையா கேட்டுச்சு.

சும்மா வேலையா அது? தண்டவாளம் வருஷம் பூரா வெயில்லயும் மழையிலயும் கெடக்கணும். தணிகாசலம், தண்ணி நிக்கக் கூடாதுன்னு ஒரு பக்கமா வாட்டம் விட்டு சிமெண்ட் மேடை போட்டாரு. அடியில மரக்கட்டை வச்சா மக்கிடும்னு பிளாஸ்டிக்கை அறுத்துக் கட்டை வச்சாரு. தண்டவாளத்துக்குப் பித்தளைக் கம்பி. துருப் பிடிக்காத ஆணி. ஜோலார்பேட்டை வெயிலுக்குக் கம்பி நீளுமே... ஜாயிண்டுக்கு ஜாயிண்ட் சந்து விட்டாரு!

ஏகாம்பரம் மட்டும் சளைச்சவரா? ரயிலு பாதை மாறுற எடம் இருக்கே, அதான் பாயிண்ட். அதுல நாக்கு மாதிரி கம்பி ரெண்டு, இப்படியும் அப்படியும் நகரும். நேரா விட்டா எருக்குழி, திருப்பி விட்டா சுலோச்சனா. அதை நகத்துறதுக்கு, கார் கதவைப் பூட்டுற மோட்டாரை ஒரு டிபன் டப்பாவுக்குள்ள வச்சு, பசை போட்டு அடைச்சு, ஒயரைப் பைப்புக்குள்ள விட்டாரு.

ஐப்பசி மழை மூணு நாள் கொட்டித் தீத்துச்சு. துரு இல்ல. டப்பாக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. நாலாம் நாள் காலையில காபியை ஏத்தி விடறாங்க... அந்தம்மா கைய நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு... ரயிலு நேராப் போயி எருக்குழியில காபியக் கவுத்துடுச்சு!

ஏன்? பாயிண்ட் நாக்கு பக்கத்துக் கம்பியில ஒட்டல. ஒரே ஒரு நூல் சந்து.

"மச்சான், உங்க கம்பியில ஏதோ அடைப்பு. என் மோட்டார் நல்லாத்தான் தள்ளுது."

"கம்பி என்னுதுதான் மாப்ள. நகத்துறது யாரு? உங்க டிபார்ட்மெண்ட்!"

"அடைப்பு எடுக்கறது உங்க டிபார்ட்மெண்ட்!"

"நான் கைய வச்சு, நாளைக்கு மோட்டார் போச்சுன்னா நான்தான் கெடுத்தேம்பீங்க. சர்வீஸ் பூரா இதைத்தானே பண்ணீங்க? ரெண்டு டிபார்ட்மெண்டும் சேந்து கையெழுத்துப் போட்டு ஜாயிண்ட் ரிப்போர்ட் எழுதாம நான் தொட மாட்டேன்."

ஜாயிண்ட் ரிப்போர்ட்டுங்க... கொய்யா மரத்தடியில! ரிட்டையர் ஆயி ஆறு வருஷம் கழிச்சு! அந்தக் கம்பியோட நாக்கு ஒரு நூல் நகரல, இவங்க நாக்கு முழ நீளத்துக்கு ஆடுது. தணிகாசலம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனவருதான், பதினெட்டு நாள் தங்கச்சி வீட்டுப் படி ஏறல. அந்தம்மா யாரைப் பேசும்? இந்தப் பக்கம் புருஷன், அந்தப் பக்கம் கூடப் பொறந்தவன். சோறு எறங்கல அதுக்கு. கடைசியில போன் போட்டு அழுதுச்சு. "அண்ணா, அந்த ரிப்போர்ட்டை எழுதறதுக்காவது வாயேன்."

வந்தாரு. எப்படி வந்தாரு? பேப்பரும் பேனாவுமா வந்தாரு! பாயிண்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். "அடைப்பு காணப்பட்டது"ன்னு எழுதறதா, "மோட்டார் வேலை செய்யவில்லை"ன்னு எழுதறதா... முக்கால் மணி நேரம்! ஒருத்தராவது குனிஞ்சு பாத்தாங்களா? பாக்கலங்க. எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

சுலோச்சனாவுக்கு வராதா? வாக்கரைத் தள்ளிக்கிட்டு வந்துச்சு. குனிய முடியல... தொப்புனு தரையில உக்காந்துச்சு. தலையிலிருந்து கொண்டை ஊசிய உருவி, அந்தச் சந்துல விட்டுக் கிண்டிச்சு. என்ன வந்துச்சு தெரியுமா? ஒரு கொய்யா வெதை. அணில் தின்னுட்டுப் போட்டது. 'டக்'குனு நாக்கு ஒட்டிக்கிச்சு.

ஆனா அந்தம்மாவால எழுந்திரிக்க முடியல. வலி... "அம்மா"ன்னு கத்திடுச்சு. ரெண்டு பேரும் பேப்பரைப் போட்டுட்டு ஓடியாந்து, ஆளுக்கொரு கையப் புடிச்சுத் தூக்குறாங்க. அந்தம்மா இவரைப் பாத்துச்சு... அவரைப் பாத்துச்சு... "இப்ப மட்டும் ரெண்டு பேரும் கைய வைக்கிறீங்களே. நான் எந்த டிபார்ட்மெண்ட்?"



என்ன, சிரிச்சீங்களா? சிரிங்க. நம்ம லிப்ட் நின்னு எத்தனை நாளாச்சு? இருபத்திரண்டு நாள். லிப்ட் பள்ளத்துல மழைத்தண்ணி. கட்டடக் கமிட்டி என்ன சொல்றீங்க? "பள்ளம் லிப்ட் கமிட்டியோடது." லிப்ட் கமிட்டி? "தண்ணி கட்டடத்துத் தண்ணி." இதுக்குத் தீர்மானம் வேற! மழைக்குத் தாங்கற தண்டவாளத்தை மனுஷன் போட்டுடுவான். 'இது என் வேலை இல்ல'ங்கிற வார்த்தைக்குத் தாங்கற தண்டவாளத்தை எவனும் இதுவரைக்கும் போடல.

நாலாவது மாடி இந்திராணி டீச்சர் ஒரு கூட்டத்துக்கும் வராம இருந்ததில்ல. இன்னிக்கு ஏன் வரலன்னு யாராவது கேட்டீங்களா? கம்பு ஊனி நடக்கறவங்க... இருபத்திரண்டு நாளா கீழ எறங்கல. சொல்லுங்க, டீச்சர் எந்தக் கமிட்டி?

லிப்ட் மெயின் சுவிட்சை, மைக்கைப் புடிக்கறதுக்கு முன்னாடியே ஆஃப் பண்ணச் சொல்லிட்டேன். பக்கெட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கு... இந்தாங்க உங்க மைக்கு. நான் தண்ணி எறைக்கப் போறேன்.